2000 ரூபா ஊசியா, 10000 ரூபா ஊசியா? எச்பிவி-ய டைப் டைப்பா பிரிச்சுப் பாத்துட்டு முடிவெடுக்கலாம்

அக்கா பொண்ணுக்கு இப்ப 13 வயசு. கர்ப்பப்பை வாய் கேன்சருக்குக் காரணமான எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) ஒட்டாம இருக்க ஊசி போட்டுடலாம்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கா, அங்க ரெண்டு ஊசியோட பேரச் சொல்லி யோசிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ஒண்ணு செர்வாவேக், புனே சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிப்பு, டோஸ் சுமார் 2000 ரூபா. இன்னொண்ணு கார்டசில் 9, டோஸ் 10000-ஐ தாண்டுது. இந்த வயசுக்கு ரெண்டு டோஸ். "காசு அதிகம்னா நல்லதாத்தானே இருக்கும், ஒத்தப் பொண்ணு வேற"ன்னு அக்கா, "எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் வேலை"ன்னு மாமா. இதுல மாமாவோட சிநேகிதர் ஒருத்தர் "அந்த வைரஸ் உருமாறிக்கிட்டே இருக்கு, ஊருக்கு ஊரு வேற வேற வேரியன்ட், எந்த ஊசியும் வேலைக்காகாது"ன்னு கிளப்பி விட்டுட்டார். நான் வைரஸ் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்குறதால பஞ்சாயத்து என்கிட்ட வந்துச்சு.

என் தீர்ப்ப மொதல்லயே சொல்லிடறேன். பொண்ணுக்கு 2000 ரூபா ஊசி போதும், அதுல மிச்சமாகுற காசுல ஒரு பங்க எடுத்து 41 வயசு அக்கா தனக்கு எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிக்கணும். இதுக்குக் காரணம் அந்த வைரஸோட ஜீன்லதான் இருக்கு, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

எச்பிவி-ன்னா ஒரே வைரஸ்னு நெனைக்கிறோம், 200-க்கு மேல டைப் இருக்கு. பாதிக்கு மேல தோல்ல மரு வர வைக்கிறதோட சரி. கர்ப்பப்பை வாய் கேன்சருக்குக் காரணம்னு உறுதியா லிஸ்ட் பண்ணிருக்கறது 12 டைப்தான், 16, 18, 31, 33, 35, 39, 45, 51, 52, 56, 58, 59. எப்படி டைப் பிரிக்கிறாங்கன்னா, வைரஸோட வெளி ஓட்ட கட்டுற எல்1-னு ஒரு ஜீன் இருக்கு, அதுல 10 சதவீதத்துக்கு மேல எழுத்து மாறிருந்தா அது தனி டைப், தனி நம்பர். ஒரே டைப்புக்குள்ளயும் வித்தியாசம் இருக்கும், மொத்த ஜீனோம்ல, அதாவது வைரஸோட முழு ஜீன் எழுத்துத் தொகுப்புல, ஒரு சதவீதத்துலருந்து பத்துக்குள்ள மாறிருந்தா அத வம்சம்னு பிரிச்சு ஏ, பி, சி, டி-ன்னு எழுத்து குடுப்பாங்க, அதுக்கும் கீழ அரை சதவீதம் ஒரு சதவீதம்னு மாறுனா ஏ1, ஏ2, டி3 மாதிரி கிளை. டைப்புங்கறது வேற வேற குடும்பம், வேரியன்ட்ங்கறது ஒரே வீட்டு அண்ணன் தம்பின்னு வெச்சுக்கோங்க. மாமாவோட சிநேகிதர் அண்ணன் தம்பி வித்தியாசத்தப் பேசுறாரு, ஊசி விலைல இருக்கற வித்தியாசம் குடும்பங்களோட எண்ணிக்கைல வர்றது. இத ரெண்டையும் கலந்துட்டா முடிவெடுக்கவே முடியாது.

குடும்ப விஷயத்த மொதல்ல முடிச்சுடுவோம். ஜெர்மனில ஹரால்ட் சுர் ஹவுசனும் அவரோட டீமும் 1983-ல 16-ஐயும் 1984-ல 18-ஐயும் கர்ப்பப்பை வாய் கட்டிகள்லருந்து பிரிச்செடுத்தாங்க, அதுக்கு 2008-ல அவருக்கு நோபல் கெடச்சுது. அப்பவே தெரிஞ்ச கணக்கு இன்னிக்கும் பெருசா மாறல, உலகத்துல வர்ற கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சுமார் 70 சதவீதத்துக்கு இந்த ரெண்டு டைப்புதான் காரணம், அதுலயும் 16 ஒண்ணே பாதிக்கு மேல. இந்தியால இந்த ரெண்டோட பங்கு இன்னும் ஜாஸ்தி, 80 சதவீதத்துக்கு மேல வருது. இத நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, ஊசி விலைய இதோடதான் ஒப்பிடணும்.

செர்வாவேக்ல இருக்கறது 6, 11, 16, 18. மொத ரெண்டும் பிறப்புறுப்பு மருவுக்கு, பின்ன ரெண்டு கேன்சருக்கு. 2006-ல அமெரிக்கால வந்த பழைய கார்டசில்லயும் இதே நாலுதான். கார்டசில் 9 அந்த நாலோட 31, 33, 45, 52, 58-ஐ சேர்த்து 2014 கடைசில வந்துச்சு. அப்ப உலகக் கணக்குல கவரேஜ் 70-லருந்து 90-க்கு ஏறுது, கேக்கறப்ப பெரிய தாவலா இருக்கும். நம்ம ஊர்ல ஆரம்பமே 80-க்கு மேலங்கறதால அந்த தாவல் சுருங்கிடுது. சும்மா சொல்லக்கூடாது, அந்த மிச்சமும் நெசமான பாதுகாப்புதான், காசு ஒரு பொருட்டே இல்லைங்கறவங்க தாராளமா ஒன்பது டைப் ஊசிய போடட்டும், நான் தடுக்க மாட்டேன். அந்த ஒன்பதுலயும் 35 இல்லங்கறது கூடுதல் தகவல், ஆப்பிரிக்கப் பெண்கள்ல 35 கணிசமா கேன்சர் உண்டாக்குது, ஆனா ஊசிக்கு டைப் தேர்ந்தெடுத்தப்ப அது உள்ள வரல.

இப்ப பேப்பர் கணக்க விட்டுட்டு நெசமா ஊசி போட்ட நாடுகள்ல என்னாச்சுன்னு பாருங்க, இதுதான் என்ன தீர்மானமா பேச வைக்குது. இங்கிலாந்து 2008-ல பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆரம்பிச்சது செர்வாரிக்ஸ்னு ரெண்டே டைப் ஊசி, 16-உம் 18-உம் மட்டும். 12-13 வயசுல அந்த ஊசி குடுத்த பொண்ணுங்க கிட்ட கர்ப்பப்பை வாய் கேன்சர் 87 சதவீதம் குறைஞ்சுது, 2021-ல ரிசல்ட் வந்துச்சு. ஸ்காட்லாந்துல அதே ஊசிய 12-13 வயசுல போட்டவங்கள்ல ஒருத்தருக்குக் கூட அந்த கேன்சர் வந்ததா பதிவாகல, இது 2024-ல வந்த செய்தி. ரெண்டு டைப் ஊசிக்கு எப்படிங்க 70-ஐ தாண்டி ரிசல்ட் வருதுன்னு கேட்டா ரெண்டு காரணம். சின்ன வயசுல சீக்கிரம் வர்ற கேன்சர்ல 16, 18-ஓட பங்கு இன்னும் அதிகம். அப்புறம் 31, 33 ரெண்டும் 16-ஓட கிளைல வர்ற சொந்தம், 45 வந்து 18-ஓட சொந்தம், ஓடு ஓரளவு ஒத்துப்போறதால செர்வாரிக்ஸ் அதுங்களுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு குடுத்துச்சு.

இந்த இடத்துல ஒருத்தர் குறுக்க வந்து "செர்வாரிக்ஸ்ல நோய் எதிர்ப்ப தூண்டி விட கலக்குற துணைப்பொருள் வேற, அத காட்டி செர்வாவேக்குக்கு வக்காலத்து வாங்காத"ன்னு சொல்லலாம், சரியான கேள்விதான். அதனால ஸ்வீடன பாருங்க, அங்க போட்டது நாலு டைப் கார்டசில், 17 வயசுக்கு முன்னாடி போட்டுக்கிட்டவங்களுக்கு 88 சதவீதம் கம்மின்னு 2020-ல வந்துச்சு. செர்வாவேக் அதே நாலு டைப், ஆன்டிபாடி அளவுல பழைய கார்டசிலுக்கு சளைச்சதில்லைன்னு காட்டின பிறகுதான் 2022 ஜூலைல இந்தியால அனுமதி வாங்குச்சு. கேன்சர் குறைஞ்சுதான்னு செர்வாவேக்கோட சொந்தக் கணக்கு வர இன்னும் பல வருசம் ஆகும், இந்த வைரஸ் ஒட்டிக்கிட்டதுலருந்து கேன்சராகறதுக்கே பொதுவா 15, 20 வருசம் எடுத்துக்குது. இந்த ஒரு விஷயத்துல கார்டசில் கைதான் ஓங்கிருக்கு, ஒத்துக்கறேன்.

ஊருக்கு ஊரு வேரியன்ட்ங்கற பேச்சுக்கு வர்றேன். மனுசர் சொன்னதுல பாதி நெசம். 16-லயே நாலு வம்சம் இருக்கு. ஏ வம்சம் ஐரோப்பாலயும் ஆசியாலயும் பரவலா இருக்கறது, பி-யும் சி-யும் ஆப்பிரிக்கா பக்கம், டி அமெரிக்கக் கண்டத்துல அதிகம் பாக்குறது. நம்ம ஊர்ல கிடைக்கிற 16 பெரும்பாலும் ஏ-தான். இந்த ஏ வம்சம் நியாண்டர்தால் மனுசங்க கிட்டருந்து நம்ம முன்னோருக்கு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு 2017-ல ஒரு ஆராய்ச்சிக் குழு கணக்குப் போட்டு சொன்னாங்க, ஜீன் எழுத்துகளோட வித்தியாசத்த வெச்சு எப்ப பிரிஞ்சிருக்கும்னு பின்னாடி போற கணக்கு அது. எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல், ஊசி முடிவுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

பிரயோஜனமுள்ளது எதுன்னா, இந்த வம்சங்களுக்குள்ள கேன்சர் ஆபத்து நெசமாவே வேற வேற. கர்ப்பப்பை வாய்ல ரெண்டு விதமா கேன்சர் வரும், வெளிப்பக்கம் இருக்கற தட்டையான செல்கள்ல வர்றது ஒண்ணு, அதுதான் அதிகம், உள்ள குழாய் மாதிரி போற பாதைல சுரப்பி செல்கள்ல வர்றது இன்னொண்ணு, அடினோகார்சினோமான்னு சொல்வாங்க. 16-ஓட டி2, டி3 கிளை இருக்கறவங்களுக்கு இந்த சுரப்பி வகை வர்ற ஆபத்து ஏ1-ஐ விட பல மடங்கு அதிகம்னு கலிபோர்னியால ஆயிரக்கணக்கான பெண்களோட சாம்பிள்ல 16-ஓட முழு ஜீனோமையும் படிச்சுப் பாத்து 2016-ல சொன்னாங்க. ஏ வம்சத்துக்குள்ளயே ஈ6-ங்கற ஜீன்ல, மொத்த ஜீனோம் கணக்குல 350-ஆவதா வர்ற எழுத்து டி-யிலருந்து (T) ஜி-யா (G) மாறுன வைரஸ் ஒண்ணு இருக்கு, இந்தியாலயும் நெறைய பாக்குறாங்க, அது சில நாட்டுல வைரஸ ரொம்ப நாள் தங்க வைக்குதுன்னும் சில நாட்டுல வித்தியாசமே இல்லைன்னும் ரிசல்ட் வந்திருக்கு, பெண்ணோட நோய் எதிர்ப்பு ஜீனும் சேர்ந்து ஆடற ஆட்டம்ங்கறதால ஒரே பதில் கிடைக்கல.

அந்த ஈ6, ஈ7 ரெண்டும்தான் இதுல வில்லன். ஈ6 நம்ம செல்லுல இருக்கற பி53-ங்கற காவல் புரோட்டீன அழிக்குது, ஈ7 ஆர்பி-ங்கற இன்னொரு காவல பிடிச்சு வெச்சுக்குது, ரெண்டு பிரேக்கும் போச்சுன்னா செல் பெருகிக்கிட்டே போகும். 2017-ல ஐயாயிரத்து ஐநூறுக்கு மேல பெண்கள் கிட்டருந்து எடுத்த 16-ஓட ஜீனோம ஒப்பிட்டுப் பாத்தப்ப ஒரு வினோதம் தெரிஞ்சுது. வைரஸ் வந்து கேன்சராகாம இருந்தவங்க கிட்ட ஈ7-ல அங்கங்க சின்னச் சின்ன மாற்றம் இருந்துச்சு, கேன்சர் வந்தவங்க கிட்ட அந்த 98 அமினோ அமிலம் நீள ஈ7 கிட்டத்தட்ட மாறாம அப்படியே இருந்துச்சு. உருமாறினா ஆபத்து கூடும்னு கொரோனா காலத்துல நமக்குப் பழகிப்போச்சு, இங்க ஈ7 உருமாறினா வைரஸுக்கு கேன்சர் உண்டாக்குற தெம்பு கொறையுது, மாறாம இருந்தாத்தான் நமக்கு ஆபத்து.

வேகமும் வேற. கொரோனாவும் ஃப்ளூவும் ஆர்என்ஏ வைரஸ், அவசர அவசரமா தப்புத் தப்பா காப்பி எடுக்கும். எச்பிவி டிஎன்ஏ வைரஸ், சுமார் 7900 எழுத்து இருக்கற ஒரு சின்ன வளையம், காப்பி எடுக்க அதுகிட்ட சொந்த என்சைம் கூட இல்ல, நம்ம செல்லோடத கடன் வாங்குது, அது தப்பு திருத்திக்கிட்டே எழுதுற என்சைம். அதனால இந்த வம்சங்கள்லாம் ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான வருசத்துல மெதுவா பிரிஞ்சது, வருசா வருசம் ஊசிய மாத்திக்கிட்டே இருக்கற நிலைமை இங்க இல்ல. ஊசில இருக்கறதும் எல்1 ஓடு மட்டும்தான், உள்ள டிஎன்ஏ கிடையாது, அந்த ஓட்டுக்கு எதிரா வர்ற ஆன்டிபாடி 16-ஓட எல்லா வம்சத்தையும் ஒரே மாதிரி பிடிக்குதுன்னு லேப்ல காட்டிருக்காங்க. ஏ1-ஆ இருந்தாலும் டி3-ஆ இருந்தாலும் ஊசி பிடிக்கும். செர்வாவேக்கா கார்டசிலாங்கற கேள்வில வேரியன்ட்டுக்கு வேலையே இல்லைன்னு மாமாகிட்ட சொல்லிட்டேன், அவர் அதையும் மருந்துக் கம்பெனி கணக்குல எழுதிக்கிட்டார், விடுங்க.

டோஸ் கணக்கு ஒண்ணு பாக்கி. 9-லருந்து 14 வயசுக்குள்ளன்னா ஆறு மாச இடைவெளில ரெண்டு டோஸ், 15 ஆயிடுச்சுன்னா மூணு. அதனால 14 முடியறதுக்குள்ள ஆரம்பிச்சுடணும், தள்ளிப்போட்டா அந்த 2000-த்தையும் கூட ஒரு தடவ குடுக்கணும், கார்டசில் 9-ன்னா 10000. ஒரே டோஸ் போதும்னு 2022 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் 20 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்களுக்கு ஒரு வழிய தெறந்து விட்டுச்சு, அதுக்கு ஆதாரத்துல ஒரு பெரும்பங்கு இந்தியாலருந்தே போனது. 2009-ல இங்க ரெண்டு டோஸா மூணு டோஸான்னு ஒப்பிட ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க, அதே சமயத்துல அப்ப ஆந்திரால இருந்த கம்மம், குஜராத்ல வதோதரா பக்கம் நடந்த வேற ஒரு ஊசித் திட்டத்துல சில பெண் பிள்ளைங்க இறந்துட்டாங்கன்னு பிரச்சினை வெடிச்சு 2010-ல அரசாங்கம் எல்லாத்தையும் நிறுத்திருச்சு. இறப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இருக்கறதா தெரியலன்னு விசாரணைல வந்தாலும், ஒப்புதல் வாங்கின விதத்துல நெறைய கோளாறுன்னு 2013-ல நாடாளுமன்றக் குழு கடுமையா சாடுச்சு, இன்னிக்கும் இந்த ஊசின்னா சிலர் பயப்படறதுக்கு அந்த விவகாரம் ஒரு காரணம், பயப்படறவங்கள முட்டாள்னு பேசறது சரியில்ல. அந்த நிறுத்தத்தால ஆயிரக்கணக்கான பொண்ணுங்களுக்கு ஒத்த டோஸோட நின்னுபோச்சு. அவங்கள பத்து வருசம் விடாம பின்தொடர்ந்து பாத்தா, 16, 18 நிரந்தரமா தங்கறத ஒத்த டோஸே 95 சதவீதம் தடுத்திருக்கு. திட்டம் போட்டிருந்தா கூட இப்படி ஒரு ஆராய்ச்சி அமைஞ்சிருக்காது.

அதுக்காக காசு குடுத்து தனியா போடறவங்க ஒரு டோஸோட நிறுத்திக்கலாம்னு நான் சொல்லல. அந்த ஆதாரம் கார்டசில், செர்வாரிக்ஸ வெச்சு வந்தது, செர்வாவேக் வாங்கினா பெட்டில சொல்லிருக்கற மாதிரி ரெண்டும் போட்டுடுங்க. அரசுத் திட்டத்துல ஸ்கூல்லயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ குடுத்தா கேள்வியே இல்லாம போட்டுக்கோங்க, பிராண்ட் பாக்காதீங்க, 14 வயசுப் பொண்ணுங்களுக்கு இந்த ஊசின்னு தமிழ்நாடு 2025 பட்ஜெட்லயே அறிவிச்சிருக்கு. இலங்கைல 2017-லருந்தே ஆறாம் வகுப்புப் பொண்ணுங்களுக்கு ஸ்கூல்ல குடுக்குறாங்க, மலேசியால 2010-லருந்து, சிங்கப்பூர்ல 2019-லருந்து, அங்க இருக்கறவங்களுக்கு இந்தக் கட்டுரையோட மொத பாதி தேவைப்படாது.

இப்ப அக்கா விஷயம். 41 வயசு, ரெண்டு புள்ளைங்க, இதுவரைக்கும் ஒரு தடவ கூட ஸ்க்ரீனிங் பண்ணதில்ல. "எனக்கும் சேர்த்து ஊசி போட்டுக்கவா"ன்னு கேட்டா. ஏற்கனவே உள்ள வந்துட்ட வைரஸ ஊசி வெளியேத்தாது, வந்தா தடுக்கும் அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தன வருசம் ஆனவங்களுக்கு ஊசியோட லாபம் ரொம்பக் கம்மி, காச டெஸ்ட்ல போடுன்னு சொன்னேன். 2022 கணக்குப்படி இந்தியால வருசத்துக்கு 1,27,000 பேருக்குப் பக்கம் புதுசா இந்த கேன்சர் வருது, 80,000 பேர் கிட்ட சாகறாங்க. இன்னிக்கு ஊசி போடற பொண்ணுக்கு லாபம் வர்றது 2045 பக்கம், அக்காவுக்கு ஆபத்து இப்பவே இருக்கு. வீட்ல காசு செலவு பண்ணணும்னு பேச்சு வந்தா எல்லாரும் புள்ளைக்கு மட்டுமே பண்றாங்க, அம்மாவ ஒருத்தரும் கணக்குல சேக்கறதில்ல, எனக்கு இது எரிச்சலாவே இருக்கு.

டெஸ்ட்ல மூணு வழி. விஐஏ-ங்கறது அசிட்டிக் ஆசிட், அதாவது நீர்த்த வினிகர் மாதிரி ஒண்ண கர்ப்பப்பை வாய்ல தடவி ஒரு நிமிசத்துல வெள்ளையா மாறுதான்னு கண்ணால பாக்குறது, நம்ம ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல இலவசமா பண்றாங்க. பாப் ஸ்மியர் தெரியும், செல்ல சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்குறது. எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் வைரஸோட ஜீன நேரடியா தேடறது.

விஐஏ-ய இளக்காரமா பேசறவங்களுக்கு திண்டுக்கல் தெரியணும். 2000-லருந்து திண்டுக்கல் மாவட்டத்துல பயிற்சி குடுத்த நர்ஸுங்க கிராமம் கிராமமா போய் இந்த வினிகர் டெஸ்ட பண்ணி, வெள்ளை தெரிஞ்சவங்களுக்கு அந்த எடத்த உறைய வெச்சு அழிக்கிற ஐஸ் சிகிச்சையும் குடுத்தாங்க, டெஸ்ட் வாய்ப்பு குடுத்த பக்கம் சாவு 35 சதவீதம் கொறஞ்சுதுன்னு 2007-ல ரிசல்ட் வந்துச்சு, உலகம் பூரா இத எடுத்துக்காட்டினாங்க. ஆனா அந்த ஆராய்ச்சில முக்கியப் பங்கு வகிச்ச டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழு மகாராஷ்டிராவுல உஸ்மானாபாத்ல மூணு டெஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு லட்சத்து முப்பதாயிரம் பெண்கள்ல ஒப்பிட்டப்ப கதை மாறிடுச்சு. 2009-ல வந்த ரிசல்ட், எச்பிவி டெஸ்ட் ஒரே ஒரு தடவ பண்ண கிராமங்கள்ல சாவு ஏறக்குறைய பாதியா கொறஞ்சுது, விஐஏ-லயும் பாப்லயும் சொல்லிக்கற மாதிரி கொறையல. திண்டுக்கல்ல ஜெயிச்ச டெஸ்ட் அங்க ஏன் சோபிக்கலன்னா, கண்ணால பாக்குறது பாக்குறவங்கள பொறுத்தது, பயிற்சி நல்லா இருந்தா நல்லா இருக்கும், நாள் முழுக்க கூட்டத்த பாத்துட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாக்குறவங்க கண்ணு காலைல பாத்த மாதிரி இருக்காது. மாதவிலக்கு நின்னவங்களுக்கு பாக்க வேண்டிய இடமே உள்ள போயிடறதால விஐஏ சரிப்படவும் படாது.

இங்கதான் வேரியன்ட் கதை உபயோகத்துக்கு வருது. 16-ல டி2, டி3 மாதிரி கிளைங்க அந்த உள்பக்க சுரப்பி வகை கேன்சர் பக்கம் சாயும்னு பாத்தோம்ல, 18-உம் அப்படித்தான், அந்த எடம் விஐஏ-ல கண்ணுக்குத் தெரியாது, பாப்ல குச்சிக்கு சரியா எட்டாது. 1951-ல பால்டிமோர்ல 31 வயசுல இறந்துபோன ஹென்ரியட்டா லாக்ஸோட கட்டி இந்த அடினோகார்சினோமாதான், அதுல இருந்தது 18, அவங்களக் கேக்காம எடுத்த அந்த செல்கள்தான் ஹீலா செல்லுன்னு உலகத்து லேப்ல எல்லாம் இன்னிக்கும் வளருது. டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு புண்ணு எங்க இருக்குன்னு கவலையில்ல, வைரஸ் இருந்தா சொல்லிடும், எந்த வம்சமா இருந்தாலும் சொல்லிடும். எச்பிவி-யே இல்லாம வர்ற சுரப்பி கேன்சர் கொஞ்சம் உண்டு, அது இந்த டெஸ்ட்ல மாட்டாது, அதனால ரத்தப்போக்கு, உறவுக்கு அப்புறம் ரத்தம் மாதிரி அறிகுறி இருந்தா நெகட்டிவ் ரிப்போர்ட்ட நம்பி வீட்ல உக்காந்திருக்கக் கூடாது.

மத்த லாபம் என்னன்னா பாப் ஒரு தடவ பண்ணா பாதிக்குப் பாதி தவற விடற டெஸ்ட், அதனாலதான் மூணு வருசத்துக்கு ஒரு தடவ பண்ணச் சொல்றது, டிஎன்ஏ டெஸ்ட் பத்துல ஒன்பத பிடிச்சுடும், நெகட்டிவ்னா அஞ்சு வருசம் நிம்மதி. 30 வயசுலருந்து இதையே மொதல் டெஸ்டா வெச்சுக்கங்க, அஞ்சுலருந்து பத்து வருசத்துக்கு ஒரு தடவ போதும்னு உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொல்லிருச்சு, ஆஸ்திரேலியா 2017 டிசம்பர்லயே பாப்ப விட்டுட்டு இதுக்கு மாறிருச்சு. சாம்பிள நாமளே எடுத்துக் குடுக்கலாம்ங்கறது இன்னொரு வசதி, வெக்கப்பட்டுக்கிட்டே பத்து வருசம் ஓட்டினவங்களுக்கு இது ஒண்ணே போதும்.

லேப்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், ரிப்போர்ட்ல 16-உம் 18-உம் தனித்தனியா வருமா, இல்ல மொத்தமா ஹைரிஸ்க் (கேன்சர் உண்டாக்கக்கூடிய டைப்) பாசிட்டிவ்னு ஒரே வரில முடிச்சுடுவாங்களா. தனியா வர்றத கேட்டு வாங்குங்க. காரணம், அமெரிக்கால போர்ட்லேண்ட்ல இருபதாயிரம் பெண்கள பத்து வருசம் கவனிச்சப்ப, 16 பாசிட்டிவா இருந்தவங்கள்ல 17 சதவீதம் பேருக்கு கேன்சருக்கு முந்தின தீவிர நிலையோ அதுக்கு மேலயோ வந்துச்சு, 18-ன்னா 14 சதவீதம் பக்கம், மத்த ஹைரிஸ்க் டைப்னா 3 சதவீதம்தான். அதனால 16 இல்ல 18 வந்தா நேரா கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாய பெருசாக்கிக் காட்டுற கருவி வெச்சு டாக்டர் பாக்குறது), மத்தது வந்தா பாப் பாத்துட்டு தேவைன்னா கால்போஸ்கோப்பி, இல்லன்னா ஒரு வருசம் கழிச்சு திரும்ப டெஸ்ட். பாசிட்டிவ்னாலே கேன்சர்னு அர்த்தமில்ல, பத்துல ஒன்பது பேருக்கு ரெண்டு வருசத்துக்குள்ள உடம்பே வைரஸ விரட்டிடும். புருசன சந்தேகப்பட்டு வீட்ல சண்டை போடவும் வேண்டாம், இது வருசக்கணக்கா சத்தமில்லாம இருந்துட்டு எப்ப வேணா தலைகாட்டும்.

சில கம்பெனி டெஸ்ட் எல்1 ஜீன தேடும், சிலது ஈ6, ஈ7-ஐ தேடும். வைரஸ் நம்ம டிஎன்ஏ-குள்ள புகுந்து ஒட்டிக்கறப்ப எல்1 ஒடஞ்சு தொலைஞ்சு போக வாய்ப்பிருக்கு, ஈ6, ஈ7 எப்பவும் மிஞ்சும், அதனால ரெண்டாவது ஒரு படி மேலன்னு பேப்பர்ல சொல்லலாம். நடைமுறைல ரெண்டு வகைலயுமே நல்லா சோதிச்சு அங்கீகாரம் வாங்கின டெஸ்ட் இருக்கு, இதுக்காக லேப் லேப்பா அலைய வேண்டாம். வம்சம் கண்டுபிடிக்க முழு ஜீனோம் சீக்வென்ஸ் பண்ணித் தர்றோம்னு யாராவது பேக்கேஜ் வித்தா வாங்காதீங்க, டி3-ன்னு ரிசல்ட் வந்தாலும் ஏ1-ன்னு வந்தாலும் டாக்டர் பண்ணப்போறது அதே கால்போஸ்கோப்பிதான், அது ஆராய்ச்சிக்காரங்களுக்கு வேணும்ங்கற தகவல்.

கணக்க கூட்டிப் பாத்தா செர்வாவேக் ரெண்டு டோஸ் 4000 பக்கம், கார்டசில் 9 ரெண்டு டோஸ் 20000-க்கு மேல. நடுவுல நிக்கற பதினாறாயிரத்துல அக்கா டெஸ்ட் பண்ணி, தேவைப்பட்டா கால்போஸ்கோப்பியும் பாத்து, மாமியார 60 வயசுலயாவது ஒரு தடவ கூட்டிட்டுப் போய் அவங்களுக்கும் டெஸ்ட் பண்ணிடலாம். டிஎன்ஏ டெஸ்ட்டுக்குக் காசு இல்லன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல விஐஏ பண்ணிக்கோங்க, ஒண்ணுமே பண்ணாம இருக்கறத விட அது எவ்வளவோ மேல். ஊசி போட்ட பொண்ணுக்கும் 30 வயசானா டெஸ்ட் உண்டு, ஒன்பது டைப் போட்டிருந்தாலும் உண்டு. பையனுக்குப் போடலாமான்னு அக்கா கடைசியா கேட்டா, செர்வாவேக் பசங்களுக்கும் அனுமதி வாங்கிருக்கு, போடலாம், மருவுக்கும் தொண்டைல வர்ற எச்பிவி கேன்சருக்கும் நல்லதுதான், ஆனா அவனுக்கு இப்பதான் 10 வயசு, 14 வரைக்கும் டைம் இருக்கு, அக்கா இந்த மாசம் பீரியட்ஸ் முடிஞ்ச வாரத்துல சாம்பிள் குடுத்துட்டு வரட்டும், அப்புறம் அவனப் பாத்துக்கலாம்.